வேர் இல்லாத கிணறு

ஆவடி,
2.6.2025

சுப்பராயன் அவர்களுக்கு,

சபீனா எழுதுகிறேன். எந்த சபீனா என்று கேட்பவராக இருந்தால் இதோடு நிறுத்திவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடலாம். கேட்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன்.

போன வாரம் கோகுல்நாத் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நாற்பது வயதிருக்கும். பழைய காமிக்ஸ் சேர்ப்பதில் அப்படி ஒரு பைத்தியம். நம்முடைய 'சர்வேயர் சிங்காரம்' இருபத்துமூன்று இதழும் வைத்திருக்கிறார். கதை எழுதிய என்னிடமே பதினொன்றுதான் இருக்கிறது. அவரும் சிநேகிதர்களும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போடப் போகிறார்களாம். 'கதை: ஆவடி மாறன்' என்று என் புனைபெயராவது இதழுக்கு இதழ் அச்சாகியிருக்கிறது. படம் போட்டவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. யார் என்று கேட்டார், சொன்னேன். நீங்கள் வேலை பார்த்த கம்பெனியில் விசாரித்து இந்த விலாசத்தை வாங்கி வந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துமூன்றாம் இதழோடு வல்லூறு காமிக்ஸ் நின்றுபோனது. அதன் கடைசிப் பக்கத்தில் நிலம் திருடுகிறவன் சிங்காரத்தை ஒரு பாழும் உறைகிணற்றில் தள்ளிவிட்டுப் போகிறான். 'தப்புவாரா சிங்காரம்? விடை அடுத்த இதழில்.' அது 1984 ஆகஸ்டு. மனிதர் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறார்.

புத்தகத்துக்கு ஒரு முடிவு வேண்டுமாம், நான்கு பக்கம். நான் எழுதுகிறேன், நீங்கள் வரைய வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கிணற்றுப் படத்தில் நான் கேட்ட வேரைப் போட்டுக் கொடுங்கள். 'இரண்டு உறைகளுக்கு நடுவே ஆலமரத்து வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது' என்று தெளிவாக எழுதி அனுப்பியிருந்தேன். நீங்கள் போடவில்லை. வேர் இல்லாமல் அவர் எதைப் பிடித்து ஏறுவார்? நீங்கள் திருத்த மாட்டேன் என்றீர்கள், நான் எழுத மாட்டேன் என்றேன், பார்த்துப் பார்த்துச் சலித்த முதலாளி அச்சாபீஸைப் பூட்டினார். தப்பு யார் மேல் என்று மறுபடி ஆரம்பிக்க எனக்கு வயதில்லை. உங்கள் மேல்தான்.

காது சரியாகக் கேட்பதில்லை, போனில் பேச முடியாது என்று கோகுல்நாத் சொன்னார். அதனால்தான் கடிதம். அந்தக் காலத்திலும் நாம் தபாலில்தானே வேலை பார்த்தோம். நேரில் பார்த்தது நாலு தடவை, அதில் இரண்டு தடவை சண்டை.

இப்படிக்கு,
சபீனா


சென்னீர்குப்பம்,
11.6.2025

சபீனாம்மாவுக்கு,

வேர் போட மாட்டேன்.

அன்றைக்குக் காரணம் சொல்ல நீங்கள் விடவில்லை. இப்போது தாளில் என்னை யாரும் குறுக்கே மறிக்க முடியாது, அதனால் சொல்கிறேன். முதலில் வேர் போட்டுத்தான் வரைந்தேன். தள்ளி நின்று பார்த்தால், கண் நேரே வேருக்குத்தான் போகிறது. பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் ஆள் தப்பித்துவிட்டான். ரப்பரை எடுத்து அழித்தேன். பிறகு படத்தையே மாற்றினேன். சிங்காரத்தோடு படிக்கிறவனையும் கிணற்றுக்குள் தள்ளாமல், விளிம்பில் நிற்க வைத்தேன். கீழே உறைக்குள் உறை, உறைக்குள் உறை, அடியில் காலணா அளவுக்கு ஒரு முகம் அண்ணாந்து பார்க்கிறது. நிற்கிறவனால் பார்க்கத்தான் முடியும், கை எட்டாது. அந்த ஒரு படத்துக்கு ஐந்து நாள் ஆனது. நான் வாழ்நாளில் வரைந்ததில் அது ஒன்றுதான் படம் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தது. அதில் கை வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

அதற்கப்புறம் முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு வரைந்தேன். வால்வில் யாரும் வேர் கேட்கவில்லை. நான் காமிக்ஸ் வரைந்தவன் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது, பெயரே போடாத வேலை.

நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மகள் கார்த்திகா வீட்டில், ஒன்பதாவது மாடியில் நலம். அவளும் மாப்பிள்ளை ஸ்ரீராமும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். ஜனவரியில் நான் வெளியே போன இடத்தில் விழுந்து தொலைத்தேன். அன்றிலிருந்து கீழே கேட்டில் ஒரு பட்டியலில் என் பெயர் இருக்கிறது, தனியாக வெளியே விடக் கூடாதவர்கள் பட்டியல். மொத்தம் பதினாறு பேர். மற்ற பதினைந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கையும் நடுங்குகிறது. ஆகவே என்னை விட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தைக்கூட வேலைக்கு வரும் நாகம்மாதான் பெட்டியில் போட வேண்டும்.

சுப்பராயன்


ஆவடி,
20.6.2025

சுப்பராயன் சார்,

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபின் கோகுல்நாத் கொடுத்த ஜெராக்ஸை எடுத்து, அந்தப் பக்கத்தை முதல்முறையாக வேரைத் தேடாமல் பார்த்தேன். நான் எழுதியது வெறும் ஆபத்து. நீங்கள் வரைந்தது வேறு என்னவோ. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாற்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. கல்லுளிமங்கி என்று என் வீட்டுக்காரர் சும்மா சொன்னதில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பெயரே போடாத வேலை என்று எழுதினீர்களே, அது எனக்குச் சுட்டது. ஆறாம் இதழில் தாசில்தார் ஆபீஸ் வரிசை. 'கூட்டம்' என்று ஒரே வார்த்தைதான் நான் எழுதினேன். நீங்கள் இருபத்தெட்டுப் பேரை வரைந்திருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு ஜோடிக் காலும் இருபத்தெட்டு மாதிரி. ஒரு அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், அறுந்துபோன செருப்பு. ஒன்பதாம் இதழில் பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணின் தோள்பை என்னுடையது. பொத்தான் போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தேன், அதுகூட இருக்கிறது. நாம் முதல் தடவை பார்த்தபோது அந்தப் பைதான் வைத்திருந்தேன். பயந்த ஆளை நீங்கள் முகத்தைக் காட்டி வரைவதே இல்லை, பின்கழுத்தைத்தான் காட்டுகிறீர்கள். நான் வசனத்தில் 'ஐயோ' என்று எழுதிய இடமெல்லாம் இப்போது படிக்க வெட்கமாக இருக்கிறது. உங்கள் கழுத்தே போதும்.

கோகுல்நாத்தின் சிநேகிதர்கள் அம்பத்தூரில் ஒருத்தர் வீட்டில் கூடி, இந்தப் பக்கங்களைப் பெரிதாகச் சுவரில் காட்டினார்களாம். கிணறு வந்ததும் கோகுல்நாத் எழுந்து போய்ச் சுவரில் அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தாராம். அவர் சிறுவயதில் அடுத்த இதழுக்காகக் கடைவாசலில் போய் நின்றவர் அல்ல, பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தவர். அவருக்கே இந்தக் கதி.

என் நிலவரமும் உங்களுடையதற்குக் குறைந்ததில்லை. துணி தைக்கிற ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து நான் ரிட்டையர் ஆன மறுவருஷம் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஊர் ஊராய்ப் போகலாம் என்று இருவரும் போட்ட திட்டம் அப்படியே கிடக்கிறது. அவர் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான் எனக்கு உலகம். அவர் பாவம், கூப்பிடுவதும் இப்போது பாதி வார்த்தைதான். கோபம் வருகிறது, யார் மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

வேர் வேண்டாம். நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் உள்ளே போட்டவர் நீங்கள், வெளியே எடுப்பதற்கு வழியையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சபீனா


சென்னீர்குப்பம்,
4.7.2025

சபீனாம்மா,

உங்கள் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். நாகம்மா சட்டையோடு துவைக்கப் பார்த்தாள், பிடுங்கிக்கொண்டேன். எனக்கு எழுபத்துநாலு வயது. என் படத்தைப் பற்றி இவ்வளவு வார்த்தை யாரும் சொன்னதில்லை. செருப்பு அறுந்த அம்மாவை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் வரைந்தேன். பார்க்கவில்லை என்று நினைத்தே இத்தனை காலமும் போய்விட்டது.

ஆசை வந்துவிட்டது. பூந்தமல்லிக்குப் போய் மையும் வரைதாளும் வாங்கலாம் என்று போன சனிக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கேட்டில் வேம்புலி என்று செக்யூரிட்டி, நல்ல மனிதர். காது மெஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்.

"பெருசு, நீ போய்க்கினா நான் மேடத்துக்கு இன்னா பதில் சொல்றது? அவங்க போன்ல ஓகே அமுக்கினாதான் கேட்டைத் தொறக்கலாம். என் வேலை பூடும்பா."

அவர் கண்ணெதிரே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனது. நான் திரும்பி வந்து லிஃப்டில் ஏறி ஒன்பதை அமுக்கினேன். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் மட்டும் எனக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது. அன்று கார்த்திகாவிடம் கத்தினேன். நீ எனக்கு மகளா, ஜெயிலரா என்று கேட்டேன். அவள் அறைக்குள் போய்விட்டாள். அதிலிருந்து அவளும் நானும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற அளவோடு சரி.

ஜனவரி சமாசாரத்தை உங்களிடம் மறைப்பானேன். முடிவெட்டப் போனேன். பூந்தமல்லியில் ரோட்டோரம் தோண்டிப் போட்டிருந்த ஒரு பள்ளத்தில் விழுந்தேன். பன்னிரண்டு அடி இருக்கும். எலும்பு உடையவில்லை, ஆனால் காது மெஷின் எங்கேயோ தெறித்துவிட்டது. மேலே யாராவது கூப்பிட்டார்களா, லாரி வருகிறதா, எதுவும் தெரியாது. ஒன்றரை மணி நேரம். சுவர் வழவழவென்று இருந்தது. உங்களிடம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் சுற்றிச் சுற்றி வேரைத்தான் தேடினேன். இல்லை.

அப்புறம் யாரோ பார்த்து, பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கார்த்திகா வந்தாள். ஏணி வரும்வரை வெளிச்சத்துக்கு எதிரே மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. அது அவள்தான் என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஆகவே வழி கேட்காதீர்கள். நான் அந்த இடத்தில் இருந்து பார்த்தவன். உள்ளே இருக்கிறவனுக்கு வழி கிடையாது.

சுப்பராயன்


ஆவடி,
15.7.2025

சுப்பராயன் சார்,

உங்கள் கடிதம் வந்த நாள் நான் அழுதேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன என்று கையால் கேட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிணறு என்றேன். தலையை ஆட்டினார், புரிந்ததோ என்னவோ.

அப்புறம் வீம்பு வந்துவிட்டது. கோகுல்நாத் கொடுத்த ஜெராக்ஸில் இருபத்துமூன்று இதழையும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. நான் எழுதிய கதையை நானே முதன்முதலாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வி. சிங்காரம் நிலம் அளக்கிற இடத்திலெல்லாம் தூரத்தில் ஒரு ஆள் நிற்கிறாரே, அவர் யார்? முண்டாசு, முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி. நான் அப்படி ஒருவரை எழுதவே இல்லை. என் கதையில் சிங்காரம் ஒண்டி ஆள். ஆனால் உங்கள் படத்தில் இதழுக்கு இதழ் அந்த ஆள் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோகுல்நாத்தின் மாமனார் சர்வே ஆபீஸில் இருந்தவராம். அவரைக் கேட்கச் சொன்னேன். சிரித்தாராம். 'செயின்மேன் இல்லாம எவன் மாப்ள நெலம் அளப்பான்? ஒரு ஆளால சங்கிலியை இழுத்துப் பிடிக்க முடியுமா?' என்றாராம். சர்வேயர் கை காட்டும்வரை செயின்மேன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

இத்துடன் இருபத்துமூன்றாம் இதழின் ஜெராக்ஸ் இருக்கிறது, அதில் ஆறாம் பக்கம், மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். சிங்காரம் கிணற்றுப் பக்கம் நடக்கிறார். வலது மேல் மூலையில், பனைவரிசைக்கு அந்தப் பக்கம், நகக்கண் அளவுக்கு ஒரு முண்டாசு. கையில் சங்கிலி. கிணற்றில் தள்ளியவன் அவரைப் பார்க்கவில்லை. முதலாளி பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. வரைந்த நீங்களே மறந்துவிட்டீர்கள். அந்த மனிதர் சிங்காரம் கை காட்டுவார் என்று இன்னும் அங்கேயே நிற்கிறார். சங்கிலி அறுபத்தாறு அடி. நம் கிணறு நாற்பது.

வேர் கேட்டு உங்களோடு சண்டை போட்டேன். அதைவிட நல்ல வழியை நாலு பக்கத்துக்கு முன்னாலேயே நீங்கள் வரைந்து வைத்திருந்தீர்கள். எனக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை சார், அவ்வளவுதான். பத்திரிகை நின்றதற்கு உங்களைச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய மாதிரியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு பக்கத்துக்கும் சேர்த்து வசனம் மூன்று வரிதான். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 'சிங்காரம் தரையில் கால் வைக்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். எப்படி என்பது உங்கள் பாடு. மையும் தாளும் கோகுல்நாத் கொண்டு வருவார். உள்ளே வருகிறவர்களை விடுவார்கள் அல்லவா?

சபீனா


சென்னீர்குப்பம்,
3.8.2025

சபீனாம்மா,

செயின்மேனை நான் யோசித்து வரையவில்லை. சங்கிலி என்று இருந்தால் இரண்டு முனை இருக்குமே, ஒரு முனையை வெறும் காற்றிலா கட்டுவது என்று போட்டேன். உண்மையைச் சொல்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டால் செரிக்காது, அதனால் சொல்லிவிட்டேன். ஆறாம் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மனிதர் நிற்கத்தான் செய்கிறார்.

கோகுல்நாத் வந்தார். மூன்று பக்கம் முடித்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது. கோடு நடுங்கியிருக்கும். முதலில் வெள்ளை மை வைத்துத் திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன். சங்கிலி கொஞ்சம் ஆடினால் ஆடட்டும்.

நான்காவது பக்கம் ஏன் வரவில்லை என்றால், சொல்கிறேன். போன புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் வரைந்துகொண்டிருந்தேன். பழைய கிணற்றுப் பக்கத்தின் ஜெராக்ஸ் பக்கத்தில் கிடந்தது. கார்த்திகா என்றைக்கும் இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டாள். மறைக்க நேரம் இல்லை. ஹேண்ட்பேகைத் தோளில் இருந்து இறக்காமலே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது எப்போது வரைந்தாய் என்று கேட்டாள். எண்பத்துநாலில், நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் என்றேன். அவள் நம்பவில்லை.

"பொய் சொல்லாதப்பா. இது அந்தப் பள்ளம். மேலேர்ந்து நான் பாத்தது இதான்."

பிறகு உட்கார்ந்தாள். நான் மெஷினைச் சரி பண்ணிக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கூப்டுகிட்டே இருந்தேன்பா. நீ என்னைத்தான் பாத்த, ஆனா யாரோன்ற மாதிரி பாத்த. உயிர் இருக்கா இல்லையான்னே தெரியல. எறங்கப் போனேன், புடிச்சுகிட்டாங்க. ஓகே பட்டனை அமுக்கப் போனா அந்த மூஞ்சிதான் வருது. கை போக மாட்டேங்குது."

ஏழு மாதமாக நான் அவளை ஜெயிலர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காது கேட்கவில்லை, கண் கூசியது, அதனால்தான் அப்படிப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. என்னை ஏணி வைத்து ஏற்றிவிட்டார்கள் சபீனாம்மா. அவள்தான் இன்னும் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் ஆளை நிற்க வைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் ஐந்து நாள் உட்கார்ந்து வரைந்தேன். என் பெண் அங்கே நிற்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பட்டியலில் என் பெயர் அப்படியேதான் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, இனி கேட்கப் போவதும் இல்லை. சாயங்காலம் அவள் வந்ததும் இரண்டு பேரும் கீழே இறங்குகிறோம். முதல் நாள் கேட் வரைதான் போனோம். அவளுக்கு வேர்த்துவிட்டது, திரும்பிவிட்டோம். வேம்புலி ஒன்றும் புரியாமல் சல்யூட் அடித்தார். மறுநாள் கேட்டைத் தாண்டிப் பத்தடி. நேற்று முனையில் இருக்கிற டீக்கடை வரை போய் வந்தோம். ரோட்டில் எங்காவது தோண்டியிருந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். வலிக்கிறது, நான் சொல்வதில்லை.

பூந்தமல்லியில் அந்தப் பள்ளத்தை இப்போது மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்களாம், நாகம்மா சொன்னாள். ஒரு நாள் கார்த்திகாவை அங்கே கூட்டிப் போக வேண்டும், அதன் மேல் நான் நிற்பதை அவள் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசிக் கட்டத்தை வரைவேன். சிங்காரம் கால் வைப்பதை மட்டும் வரைந்தால் போதாது, அதைப் பார்க்கிறவன் முகத்தையும் நான் ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

கோகுல்நாத் அவசரப்படுத்தினால் நாற்பத்தொரு வருஷம் இருந்தவர் இன்னும் ஒரு மாதம் இருப்பார் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரரை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

சுப்பராயன்